லிட்டில் நீமோ பெரிய புக்: வாங்கலாமா வேணாமா

முதல்லயே சொல்லிடுறேன், இது நம்ம சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில்ல உக்காந்து படிக்கிற புக் இல்ல. படுத்துக்கிட்டு நெஞ்சு மேல வச்சுப் படிக்கலாம்னு நெனச்சீங்கன்னா மூச்சு முட்டும். லிட்டில் நீமோங்கிற பழைய அமெரிக்க காமிக்ஸ் தொடருக்கு தாஷென் பதிப்பகம் போட்ட முழுத் தொகுப்பு இது. வின்சர் மெக்கே 1905ல ஆரம்பிச்சு விட்டு விட்டு வரைஞ்ச கலர் பக்கம் மொத்தம் 549, அத்தனையும் ஒரே எடத்துல. 2014ல முதல்ல வந்துச்சு, அலெக்சாண்டர் பிரவுன்னு ஒருத்தர் தொகுத்தது, அடுத்த வருஷம் காமிக்ஸுக்குக் குடுக்குற ஐஸ்னர் விருதும் வாங்குச்சு. நம்ம வாட்ஸ்அப் குரூப்ல ரெண்டு மூணு பேரு "வாங்கலாமா, காசுக்கு ஒர்த்தா"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க, தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட்டு மாளல, அதான் மொத்தமா எழுதிடுறேன்.

கதைக்காக வாங்காதீங்க. பக்கத்துக்காக வாங்குங்க. என் ரிவ்யூ அவ்வளவுதான், அவசரமா இருக்குறவங்க இதோட கெளம்பலாம்.

கதைன்னு பாத்தா ஒரு வரிதாங்க. நீமோன்னு ஒரு சின்னப் பையன், ராத்திரி தூங்குறான், கனவு தேசத்து ராஜா மார்ஃபியஸ் தன் பொண்ணு கூட வெளையாட இவனக் கூட்டிட்டு வரச் சொல்லி ஆள் அனுப்புறாரு, போற வழியில ஏதாவது ஒரு கலாட்டா, பக்கத்தோட கடைசிப் படக் கட்டத்துல பையன் கட்டில்ல முழிச்சுக்குவான் இல்லன்னா கட்டில்லேந்து உருண்டு கீழ கெடப்பான், வீட்டுல யாராவது வந்து அதட்டுவாங்க. அடுத்த வாரமும் அதே கதைதான். அந்த இளவரசி மொகத்தப் பாக்கவே பையனுக்கு மாசக்கணக்காகுது, நம்ம டிவி சீரியல் எல்லாம் எவ்வளவோ தேவல. வசனம் இன்னும் மோசம். மெக்கேவுக்கு அதுல அக்கறையே இருந்த மாதிரி தெரியல, படத்த ரசிச்சு ரசிச்சு வரைஞ்சு முடிச்சுட்டு மிச்சம் இருக்குற எடத்துல வசன பலூனப் போட்டு எழுத்த நெருக்கித் திணிச்சிருப்பாரு, சில எடத்துல பலூன் ஓரம் வந்துடுச்சேன்னு கடைசி வார்த்தை நசுங்கிப் போய் நிக்கும். ஆரம்ப வாரங்கள்ல கட்டத்துக்குக் கீழ வேற தனியா ஒரு பத்தி விளக்கம் ஓடுது, படத்துல என்ன இருக்கோ அதையே திரும்பச் சொல்லும். நான் அதப் படிக்கிறதே இல்ல.

அப்புறம் எதுக்கு இவ்வளவு பெரிய பேரு இந்த மனுஷனுக்குன்னு கேப்பீங்க. 1908 ஜூலை 26 தேதி போட்ட பக்கத்தத் தொறங்க. கட்டில் நடக்குற பக்கம். நீமோவும் ஃப்ளிப்புங்கிற குறும்புக்காரனும் ஒரே கட்டில்ல, முதல் கட்டத்துல கட்டில் சும்மா லேசா ஆடுது, அடுத்ததுல கால் கொஞ்சம் நீளுது, அப்புறம் இன்னும் நீளுது, கட்டில் வீட்ட விட்டு எறங்கி தெருவுல குதிரை மாதிரி நடக்க ஆரம்பிக்குது. இப்ப பக்கத்தக் கொஞ்சம் தள்ளி வச்சுப் பாருங்க. கட்டில் கால் நீள நீள அந்தக் கட்டமும் உயரமாயிக்கிட்டே போவும். மேல் வரிசை குட்டையா இருக்கும், கீழ வர வர நெடுநெடுன்னு நிக்கும். கட்டடத்து மாடியெல்லாம் தாண்டி ஒரு சர்ச் கோபுரத்துல கால் தடுக்கி பையன் தலைகுப்புற விழுறான், கடைசிக் குட்டிக் கட்டத்துல தரையில கெடக்கான். போன்ல இதையே ஒவ்வொரு கட்டமா ஜூம் பண்ணிப் பாத்தீங்கன்னா ஏதோ ஒரு கட்டில் நடக்குதுன்னு தெரியும், அவ்வளவுதான், உயரம் தெரியாது. காப்பிரைட் முடிஞ்சதால பழைய பக்கமெல்லாம் நெட்டுல ஓசியிலயே கெடைக்குது, எதுக்கு காசுன்னு குரூப்ல ஒருத்தர் கேட்டாருல்ல, அதுக்கு இந்த ஒரு பக்கம்தான் என் பதில்.

அவரு இத யோசிச்சு வச்சுத்தான் செஞ்சிருக்காரு. தொடர் ஆரம்பிச்சது 1905 அக்டோபர் 15, நியூயார்க் ஹெரால்டு பத்திரிகையோட ஞாயிற்றுக்கிழமை கலர் இணைப்புல. ரெண்டாவது வாரத்துலயே காளான் காடு வந்துடுச்சு, பையன் உள்ள போகப் போக காளான் வளந்துக்கிட்டே இருக்கு, கட்டமும் கூடவே வளருது, அப்புறம் மொத்தக் காடும் சரிஞ்சு அவன் மேல விழுது. அந்தக் காலத்துல பேப்பர்ல வந்த மத்த காமிக்ஸ்ல பெரும்பாலும் எல்லாக் கட்டமும் ஒரே சைஸ்ல வரிசையா இருக்கும், ஒருத்தன் ஒருத்தன அடிப்பான், ஜோக் முடிஞ்சுடும். இவரு ஒரு முழுப் பேப்பர் பக்கத்தையும் ஒரே படமா யோசிச்சு அப்புறம்தான் அதக் கட்டமா வெட்டுனாரு. இன்னொரு வாரம் நீமோ கூட்டத்துக்கு பசி தாங்கல, பக்கத்துத் தலைப்புல இருக்குற எழுத்தப் பிச்சு பிச்சுத் தின்னுவானுங்க. இதுக்கு முன்னாடி அவரே வரைஞ்ச தும்மல் பையன் சாமின்னு ஒரு தொடர் உண்டு, ஒவ்வொரு வாரமும் அவன் தும்முவான் ஏதாவது நாசமாவும், அதுல 1905 செப்டம்பர்ல ஒரு தடவ அவன் தும்முன தும்முல அவனச் சுத்திப் போட்டிருக்குற கட்டத்தோட கோடே ஒடைஞ்சு நொறுங்கி அவன் மேல தொங்கும். நூத்தி இருவது வருஷத்துக்கு முந்தி! இத இப்ப யாராவது செஞ்சா அடடா என்ன புதுமைன்னு எழுதுறோம்.

இந்த எடத்துல நம்மாளுங்களுக்கு ஒரு வார்த்தை. நம்மள்ல பாதிப் பேரு முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ்ல வளந்தவங்க, இரும்புக்கை மாயாவிய கறுப்பு வெள்ளையில சாணித்தாள்ல படிச்சு, சிவகாசிலேந்து பார்சல் வரவழைச்சு இன்னிக்கும் சேத்து வச்சிருக்குற கூட்டம். நமக்கு கதைதான் முக்கியம், அடுத்து என்ன ஆச்சுன்னு பக்கத்தப் பொரட்டிக்கிட்டே போற கை நமக்கு. அந்தக் கையோட இந்த புக்கத் தொட்டா அரை மணி நேரத்துல போரடிச்சுடும், சத்தியமா. வாரம் ஒண்ணு வீதம் படிக்கச் சொல்லி வந்தது இது, வெள்ளிக்கிழமை சிறுவர் மலருக்குக் காத்துக்கிட்டு இருப்போம்ல, அந்தக் கணக்கு. ஞாயித்துக்கிழமை காலையில கோப்பி போட்டு வச்சுக்கிட்டு ஒரு பக்கம், மிஞ்சிப் போனா ரெண்டு பக்கம், மூடி வச்சுடுங்க. கோப்பிய மட்டும் வேற மேசையில வைங்க.

இப்ப மனுஷனப் பத்தி. புக்கோட பிரவுன் எழுதுன நீளமான வாழ்க்கைக் கட்டுரை வருது, பழைய போட்டோ, போஸ்டர் எல்லாத்தோடயும், எனக்கு நீமோவ விட அதுதான் ரொம்பப் புடிச்சுதுன்னு சொன்னா அடிக்க வருவீங்க. பொறந்த வருஷமே ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, கல்லறையில 1869, அவரு வாயால சொன்னது 1871, 1867ல கனடாவுல பொறந்திருக்கலாம்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க. வளந்தது அமெரிக்காவுல மிச்சிகன்ல. அப்பா பிசினஸ் காலேஜ்ல சேத்து விட்டா பையன் கட் அடிச்சுட்டு டெட்ராய்ட்டுக்கு ரயிலேறி வொண்டர்லேண்டுன்னு ஒரு கண்காட்சிக் கூடத்துல வர்றவன் போறவன் மொகத்த வரைஞ்சு ஆளுக்கு 25 சென்ட் வாங்கிக்கிட்டு இருந்திருக்காரு. ஒழுங்காக் கத்துக்கிட்டதுன்னா குடிசன்னு ஒரு வாத்தியார்கிட்ட பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரம் போகப் போக சின்னதாத் தெரியிற மாதிரி வரையிறது, அது மட்டும்தான், ஆனா அந்த ஒண்ண வச்சே ஆயுசுக்கும் பொழைச்சுட்டாரு, நீமோவுல அந்த அரண்மனைத் தூண் வரிசை தூரத்துல போய் முடியிறதப் பாத்தா தெரியும். அப்புறம் சின்சினாட்டி, அங்கயும் கண்காட்சிக் கூடத்துக்கு போஸ்டர் வரையிற வேலை, அங்கேந்து பத்திரிகை, 1903ல நியூயார்க். ஆளு அஞ்சடிதான் இருப்பாருன்னு சொல்றாங்க. நீமோவுக்கு மாடல் சொந்தப் பையன் ராபர்ட்.

நியூயார்க் வந்து அவரு வரைஞ்ச வேகம் நம்புற மாதிரியே இல்ல. ஹெரால்டுல நீமோ ஓடுறப்பவே அதே மொதலாளியோட சாயங்காலப் பேப்பர்ல சைலஸ்னு வேற பேரு போட்டுக்கிட்டு பெரியவங்களுக்கு 'ட்ரீம் ஆஃப் த ரேர்பிட் ஃபீண்ட்'னு ஒரு கனவுத் தொடர். ராத்திரி சீஸ் டோஸ்ட்ட தின்னுட்டுப் படுக்குறவங்களுக்கு வர்ற கெட்ட கனவு, அவ்வளவுதான் கான்செப்ட், உயிரோட பொதைக்கிறாங்க, மொகம் உருகி வழியுது, அப்படி. பன்னெண்டு மணிக்கு பிராட்டா கடையில சப்பர் முடிச்சுட்டு வந்து படுக்குற ஊரு நம்ம ஊரு, நமக்காகவே எழுதுன மாதிரி இருக்கும். அது இந்தத் தொகுப்புல கெடையாது, தனியாத்தான் தேடணும்.

இது போதாதுன்னு 1906லேந்து மேடை நிகழ்ச்சி வேற. கரும்பலகையில ஒரு ஆம்பள மொகம் ஒரு பொம்பள மொகம் வரைஞ்சு, அப்படியே அழிச்சு அழிச்சு கொழந்தையிலேந்து கெழம் வரைக்கும் கொண்டு போவாரு, வாரம் 500 டாலர் சம்பளம், அந்தக் காலத்து 500. அப்புறம் சினிமா. 1911ல நீமோ கேரக்டர வச்சே 4,000 படம் வரைஞ்சு ஒரு குட்டி அனிமேஷன் படம், அடுத்த வருஷம் கொசு ரத்தம் குடிக்கிற படம், 1914ல கெர்ட்டிங்கிற டைனோசர். யூடியூப்ல இருக்கு, புக் வாங்கலன்னாலும் அதப் பாத்துடுங்க. கெர்ட்டிக்கு அரிசித் தாள்ல கிட்டத்தட்ட 10,000 படம், பின்னாடி இருக்குற மலையையும் கல்லையும் கூட ஒவ்வொரு தாள்லயும் திரும்பத் திரும்ப வரைஞ்சாகணும், அந்த வேலைக்கு மட்டும் ஒரு பையன வச்சுக்கிட்டாரு. தியேட்டர்ல திரைக்குப் பக்கத்துல இவரே சாட்டையோட நின்னுக்கிட்டு கெர்ட்டிய அதட்டுவாரு, அது தலையாட்டும், திட்டுனா அழுவும், இவரு ஒரு ஆப்பிளத் தூக்கிப் போடுற மாதிரி கைக்குள்ள மறைச்சுக்குவாரு, திரையில அது வாயத் தொறந்து வாங்கிக்கும். கடைசியில இவரு திரைக்குப் பின்னாடி போவாரு, அதே செகண்டு உள்ள ஒரு குட்டி மெக்கே வந்து அது மேல ஏறிக்கிட்டுப் போயிடுவாரு. எங்க பாப்பா அதப் பாத்துட்டு "அப்பா அந்த மாமா எப்படி டிவிக்குள்ள போனாரு"ன்னு கேட்டுச்சு, நூறு வருஷம் ஆகியும் வேலை செய்யுது.

அதுக்கப்புறம் வர்ற பகுதி படிக்கக் கஷ்டமா இருக்கும். 1911ல ஹெர்ஸ்ட்டுன்னு இன்னொரு பத்திரிகை மொதலாளிகிட்ட மாறிட்டாரு, நீமோவும் வேற தலைப்புல கூடவே போச்சு, 1914ல நின்னுடுச்சு. மொதலாளிக்கு இவரு மேடையேறுறதும் புடிக்கல காமிக்ஸ் வரையிறதும் புடிக்கல, தலையங்கத்துக்கு கார்ட்டூன் போடுன்னு உக்கார வச்சுட்டாரு. கனவு மாளிகை வரைஞ்ச கை, சோம்பேறித்தனம் கேடு உழைப்பே உயர்வுன்னு யாரோ எழுதுன அறிவுரைக்குப் படம் போட்டுக்கிட்டு கெடந்துச்சு. வாங்குற சம்பளத்துக்கு அமெரிக்கா யுத்தத்துக்குப் போகக் கூடாதுன்னு கார்ட்டூன் வரைஞ்சுட்டு, வீட்டுக்கு வந்து சொந்தக் காசுல லூசிட்டானியா கப்பல ஜெர்மன்காரன் மூழ்கடிச்சதப் படமா எடுத்திருக்காரு மனுஷன். 1915ல கிட்டத்தட்ட 1,200 பேரு செத்த தாக்குதல் அது, படம் 1918ல வந்துச்சு, 25,000 படம் வரைஞ்சதுன்னு கணக்கு. ஆபீஸ்ல ஒண்ணு மனசுல ஒண்ணுன்னு வேலை பாக்குறவங்களுக்குப் புரியும். 1924ல மறுபடி ஹெரால்டுக்கே திரும்பி நீமோவத் தூசி தட்டுனாரு, ஓடல. நிறுத்துறப்ப மொத்தத் தொடரோட உரிமையையும் பத்திரிகைக்காரங்க அவருக்கே ஒரு டாலருக்கு எழுதிக் குடுத்துட்டாங்களாம். அந்தக் கடைசி வருஷத்துப் பக்கமும் தொகுப்புல இருக்கு, கை அப்படியே இருக்கு, ஆனா கட்டமெல்லாம் ஒரே சைஸ் ஆயிடுச்சு, அதான் எனக்கு அத அதிகம் பொரட்டத் தோணல. 1934 ஜூலை 26ல எறந்துட்டாரு. கட்டில் நடந்த அதே தேதி.

கொறைன்னா ஒண்ணு பெரிசாவே இருக்கு. இம்பின்னு ஒரு கேரக்டர், காட்டுலேந்து வந்த கறுப்புப் பையன், புல்லுப் பாவாடை, தடிச்ச ஒதடு, பேசுனா ஒண்ணும் புரியாது, எல்லாரும் எடுபிடியா நடத்துவாங்க. அந்தக் காலத்துல அமெரிக்காவுல அப்படித்தான் வரைஞ்சாங்கன்னு சொல்லலாம், இருந்தாலும் பாக்குறப்ப வயித்தப் பெரட்டுது. பல இனத்துப் பிள்ளைங்களும் ஒரே வகுப்புல உக்காந்து படிக்கிற ஊர்ல பிள்ளை வளக்குறோம், அந்தப் பக்கங்கள பிள்ளைங்ககிட்ட சும்மா நீட்டாதீங்க, பக்கத்துல உக்காந்து பேசுங்க. நான் வேற பக்கத்துலதான் ஆரம்பிச்சேன். 1910ல செவ்வாய்க் கிரகத்துக்குப் போற பகுதி ஒண்ணு இருக்கு, கிரகம் மொத்தமும் ஒரு மொதலாளிக்குச் சொந்தம், அங்க மூச்சு விடுற காத்தையே காசு குடுத்துத்தான் வாங்கணும். பாப்பா அதக் கேட்டுட்டு "நம்ம ஏர்கான் பில்லு மாதிரியா"ன்னுச்சு. என்னத்தச் சொல்ல.

சரி வாங்குற விஷயம். நம்ம பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ்ல ஓவியம், டிசைன் புக் விக்கிற கடையெல்லாம் இருக்கு, முதல்ல அங்க நேர்ல போய் கேளுங்க, பதிப்புக்குப் பதிப்பு சைஸும் வெலையும் மாறும்கிறதால கையில எடுத்துப் பாக்குறதுதான் நல்லது. முடிஞ்ச வரைக்கும் பெரிய சைஸாப் பாருங்க, 44 சென்டிமீட்டர் உயரத்துல ஒண்ணு வந்துச்சு, அதுவே பழைய பேப்பர் பக்கத்த விட கொஞ்சம் சின்னதுதான். அதுக்கும் கீழ போனா நான் மேல சொன்ன காரணம் அடிபட்டுப் போயிடும், பேசாம போன்லயே பாத்துக்கலாம். வெளிநாட்டுலேந்து ஆன்லைன்ல வாங்குனா வெலையோட 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேத்துக் கணக்குப் போடுங்க, டெலிவரி காசு வேற தனி, இந்த கனத்துக்கு அது சும்மா இல்ல.

நான் ஆன்லைன்லதான் வாங்குனேன். எந்த கொரியர்னு சொல்லப் போறதில்ல, ஆனா அட்டைப் பெட்டி ஒரு மூலை நசுங்கித்தான் வந்துச்சு, புக் மூலையும் லேசா மடங்கியிருந்துச்சு. கொண்டாந்த தம்பி நம்மூருப் பையன், லிஃப்டுலேந்து தூக்கிட்டு வந்து வாசல்ல வச்சுட்டு "அண்ணே உள்ள என்ன டிவியா"ன்னு கேட்டான். காமிக்ஸ் புக்குன்னேன், என்ன ஒரு மாதிரியாப் பாத்துட்டுப் போனான். வீட்டுக்காரம்மா அதுக்கு மேல. "ஏங்க, இத எங்கங்க வைக்கப் போறீங்க, என் தலையிலயா?" நியாயமான கேள்விதான், எச்டிபி அடுக்குமாடி வீட்டு அலமாரியில இது நிக்காது, நிக்க வச்சாலும் கூடாது, கனத்துல முதுகு பிஞ்சுடும், படுக்க வச்சுத்தான் ஆகணும். வீட்டுக்குள்ள இருக்குற பாம் ஷெல்ட்டர் ரூம்ல போட்டுடலாம்னு நெறைய பேருக்குத் தோணும், வேணாம், அதுக்குள்ள காத்தோட்டமே இல்ல, நம்ம ஊரு ஈரத்துக்கு தாள் அலையலையா ஆயிடும், ராமபாணப் பூச்சி வேற குடும்பத்தோட குடியேறிடும். நான் டிவிக்குக் கீழ இருக்குற அலமாரியில தட்டு ஒண்ணக் கழட்டிட்டு படுக்க வச்சிருக்கேன், உள்ள நாலு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வச்சிருக்கேன், இது வரைக்கும் பிரச்சினை இல்ல. வாரா வாரம் தொறந்து பொரட்டுறதே பாதி வைத்தியம்.

அச்சு எப்படின்னா, எனக்குத் திருப்தி. பழைய பேப்பர்லேந்து எடுத்ததால அந்த மஞ்சள் சாயலும் கலர்ப் புள்ளியும் கிட்டப் போய் பாத்தா தெரியும், அதப் பளிச்சுன்னு கழுவித் தள்ளாம விட்டதுக்கே ஒரு கும்பிடு. சின்ன எழுத்துதான் நாப்பது தாண்டுன கண்ணுக்குச் சிரமம், லென்ஸ் ஒண்ணு பக்கத்துல வச்சுக்கோங்க, ஆனா முன்னாடியே சொன்ன மாதிரி அந்த எழுத்தப் படிக்காம விட்டாலும் பெரிய நஷ்டம் ஒண்ணும் கெடையாது.

வரையிற பிள்ளைங்க வீட்டுல இருந்தா, இல்ல நீங்களே டிசைன், அனிமேஷன்னு வேலை பாக்குறவங்களா இருந்தா யோசிக்காம வாங்குங்க. காமிக்ஸ்னா எனக்கு துப்பறியும் கதைதான் வேணும்னு சொல்றவங்க அந்தக் காசுக்கு சிவகாசி சந்தா கட்டுங்க, நிம்மதியா இருப்பீங்க. ரெண்டுங்கெட்டானா இருக்குறவங்க முதல்ல லைப்ரரி கேட்டலாக்ல மெக்கே பேரப் போட்டுத் தேடிப் பாருங்க. இல்லன்னா எங்க வீட்டுக்கு வாங்க, ஞாயித்துக்கிழமை காலையில தொறந்துதான் இருக்கும். பாத்துட்டுப் போலாம். கடன் மட்டும் கேக்காதீங்க, குடுக்க மாட்டேன், குடுத்தாலும் உங்களால தூக்கிட்டுப் போக முடியாது.